‘முழுநேர எம்.பி.ஏ. மட்டும்’ என்று விளம்பரம் போடும் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனிதவளத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. ‘இரண்டாண்டு முழுநேர எம்.பி.ஏ. மட்டும். பகுதிநேரம், தொலைநிலை, கரஸ்பாண்டன்ஸில் படித்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.’ அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். வரி சின்னது. ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் வேலை பார்த்துக்கொண்டே மேலே படிக்க நினைக்கும் பலருடைய முடிவை அதுதான் எடுக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் சப்ளை செயின் பிரிவில் மேலாளராக இருக்கிறேன். மாலை வகுப்பில் மூன்று வருடம் மேலாண்மைப் பட்டயம் படித்தவள். இப்போது நேர்முகத் தேர்வுகளில் உங்கள் ஆட்களோடு மேசைக்கு இந்தப் பக்கமும் உட்காருகிறேன். அதனால் உங்கள் சிரமமும் ஓரளவு தெரியும்.

ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் சேர எழுதும் கேட் (CAT) தேர்வு நவம்பரில் முடிந்து மதிப்பெண் வந்ததும் எங்கள் கேன்டீனில் யாராவது என் தட்டுக்கு எதிரே வந்து உட்காருவார்கள். “மேடம், வேலையை விட்டுட்டு ஃபுல் டைம் போகலாமா, இல்ல வேலையோட பார்ட் டைம் படிக்கலாமா?” நானும் பொறுமையாகக் கேட்பேன். வயது என்ன, வீட்டில் கடன் உண்டா, கல்யாணம் ஆகிவிட்டதா, இதே தொழிலில் மேலே போக வேண்டுமா அல்லது தொழிலையே மாற்ற வேண்டுமா. எல்லாம் பேசி முடிந்தபின் அவர்கள் கடைசியாக ஒன்று கேட்பார்கள்: “பார்ட் டைம் படிச்சா கம்பெனிக்காரங்க மதிப்பாங்களா?” அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முழுநேரப் படிப்பு தருவதைப் பகுதிநேரப் படிப்பு முழுதாகத் தராது. தொழிலையே மாற்றிக்கொள்ள நினைப்பவருக்கு முழுநேரம்தான் வழி. எங்கள் தரக்கட்டுப்பாட்டில் இருந்த ஒரு பையனுக்கு சோப்பும் ஷாம்புவும் விற்கிற கம்பெனியில் மார்க்கெட்டிங் வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. அவனிடம் நான் தயங்காமல் சொன்னேன்: வேலையை விடு. ஏனென்றால் அந்த மாதிரி வேலைக்குள் நுழையும் வாசல் கேம்பஸ் பிளேஸ்மென்ட். முதல் வருடம் முடிந்ததும் வரும் கோடைகால இன்டர்ன்ஷிப்தான் அதற்கு முதல் படி. மாலை வகுப்பில் படிப்பவருக்கு இன்டர்ன்ஷிப் கிடையாது, பெரும்பாலும் பிளேஸ்மென்ட்டும் கிடையாது. பட்டம் கையில் இருக்கும், ஆனால் ரெஸ்யூமேயில் வேலை பார்த்த வருடம் முழுக்க ‘தரக்கட்டுப்பாடு’ என்றே இருக்கும். இதை மறைத்து, ‘வேலையோடு படியுங்கள், வாழ்க்கையே மாறும்’ என்று பிரசுரம் அடிக்கும் கல்லூரிகள் மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு. அது வேறொரு மடல்.

ஆனால் முழுநேரத்துக்கு ஆகும் விலையையும் பாருங்கள். கைக்கு மாதம் 55,000 ரூபாய் வாங்குகிற ஒரு பொறியாளர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடம் வேலையை விட்டால் 13,20,000 ரூபாய் வருமானம் போகிறது. கட்டணம் இதற்கு மேல். அகமதாபாத், கல்கத்தா ஐ.ஐ.எம்.களின் இரண்டாண்டுப் படிப்புக்கு 25 லட்சத்துக்கு மேல் ஆகிறது. தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட் எழுதி அண்ணா பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்துவிட்டால் செலவு இதில் ஒரு துணுக்குத்தான், ஆனால் அங்கே இடங்கள் கொஞ்சம், போட்டி அதிகம். நடுவில் இருக்கும் தனியார் நிறுவனங்களுக்குத்தான் பெரும்பாலோர் போகிறார்கள். 20 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 26,400 ரூபாய். படிக்கும் காலத்திலும் அதற்கடுத்த ஒரு வருடத்திலும் பொதுவாகத் தவணை கேட்க மாட்டார்கள், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பல வங்கிகள் வீட்டுப் பத்திரம் கேட்கும். பெரிய ஐ.ஐ.எம். பெயர் என்றால் பெரும்பாலும் கேட்பதில்லை. கடன் வட்டிக்கு வருமான வரியில் எட்டு வருடம் வரை கழிவு உண்டு, அதுவும் பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். புதிய முறைக்கு மாறிவிட்டால் அந்தக் கழிவு கிடையாது.

இந்தக் கணக்கில் யாரும் சேர்க்காத ஒன்று கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டு விலகும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை. நிரந்தர ஊழியருக்குச் சட்டப்படி அது கிடைக்க ஐந்து வருடத் தொடர் பணி முடிந்திருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால் ஐந்து வருடத்துக்கு 86,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். நான்கரை வருடத்தில் ஜூன் மாதச் சேர்க்கைக்காக ஓடுகிறவர் அதை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார். நான்கு வருடமும் ஐந்தாம் வருடத்தில் 240 நாளும் வேலை செய்திருந்தால் போதும் என்று, 1972-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை வைத்து, மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் நம் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இதை ராஜினாமா கொடுக்க வரும் இருபத்தேழு வயதுக்காரரிடம் உங்கள் அலுவலகத்தில் எடுத்துச் சொல்பவர் யார்? நான் பார்த்தவரை யாரும் இல்லை.

ஒரு வருட முழுநேரப் படிப்பு என்று நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ் (ஐ.எஸ்.பி.) 2001-இல் ஆரம்பித்தது முதல் அதைத்தான் நடத்துகிறது. அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தா ஐ.ஐ.எம்.களிலும் நான்கைந்து வருட அனுபவமாவது உள்ளவர்களுக்கு ஒரு வருடப் படிப்பு உண்டு. சென்னைக்குத் தெற்கே மகாபலிபுரம் பக்கம் இருக்கும் கிரேட் லேக்ஸ் மேலாண்மை நிறுவனத்தை பாலா பாலச்சந்திரன் 2004-இல் தொடங்கியபோதும் ஒரு வருடப் படிப்போடுதான் தொடங்கினார். இழக்கும் சம்பளம் பாதியாகிறது என்பது இதன் பெரிய லாபம். கட்டணம் குறைவதில்லை. சில இடங்களில் இரண்டு வருடப் படிப்பைவிட அதிகம்.

சரி, இப்போது உங்கள் விளம்பர வரிக்கு வருவோம். ‘இரண்டாண்டு முழுநேர எம்.பி.ஏ. மட்டும்’ என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் ஐ.எஸ்.பி.யில் படித்தவர் விண்ணப்பிக்க முடியாது, அவர் படித்தது ஒரே வருடம். அகமதாபாத்தில் ஒரு வருடப் படிப்பு முடித்தவரும் முடியாது. ஐ.ஐ.எம். சட்டம் 2017-இல் நிறைவேறி நடைமுறைக்கு வரும்வரை ஐ.ஐ.எம்.களால் பட்டம் தரவே முடியாது. பட்டயம்தான் தந்தார்கள். ஆக, அதற்கு முன் படித்த ஐ.ஐ.எம்.காரர் ஒருவரிடமும் ‘எம்.பி.ஏ.’ கிடையாது. ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. தருவதும் பட்டயம். இவர்களை நீங்கள் வாசலிலேயே நிறுத்துகிறீர்களா? இல்லை, தேடிப் போய்க் கூப்பிடுகிறீர்கள். கூப்பிட வேண்டியதுதான். அப்படியானால் இந்த வரியின்படி நீங்களே நடப்பதில்லை. பெயர் பெற்ற நிறுவனம் என்றால் வளைகிறது. நுங்கம்பாக்கத்தில் மாலை வகுப்பு போனவர் என்றால் மட்டும் விறைத்து நிற்கிறது.

நூற்றுக்கணக்கில் குவியும் விண்ணப்பங்களைக் குறைக்க ஏதாவது ஒரு சல்லடை வேண்டும், அது புரிகிறது. ஆனால் அந்த வரியில் நீங்கள் ஒரே மூச்சில் ஒதுக்குபவை உண்மையில் நான்கு வேறு விஷயங்கள். முதலாவது, மாலை வகுப்பு. அது வாரத்தில் சில நாள் நேரில் போய், வருகைப் பதிவு காட்டி, முழுநேர மாணவருக்குப் பாடம் நடத்தும் அதே ஆசிரியர்களிடம் உட்கார்ந்து படிப்பது. நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரி வளாகத்தில் இருக்கும் லீபா என்ற மேலாண்மை நிறுவனம் இப்படி வேலை பார்ப்பவர்களுக்காக மாலைப் படிப்பு நடத்துகிறது. இரண்டாவது, வார இறுதியில் நடக்கும் எக்ஸிக்யூட்டிவ் படிப்பு. திருச்சி ஐ.ஐ.எம். 2011-இல் தொடங்கியது. அடுத்த வருடமே சென்னையில் வேலை பார்ப்பவர்களுக்காக இங்கேயே வகுப்பு ஆரம்பித்துவிட்டது. பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் வேலையை விடாமல் படிக்கும் இரண்டாண்டுப் படிப்பு உண்டு. மூன்றாவது, புத்தகம் வீட்டுக்கு வரும் தொலைநிலைப் படிப்பு. நான்காவது, ஆன்லைன். முதல் இரண்டுக்கும் கடைசி இரண்டுக்கும் இடையில் எவ்வளவோ தூரம். திருச்சி ஐ.ஐ.எம்.மில் சனி, ஞாயிறு படித்து முடித்த ஒருவரையும், தேர்வுக்கு முந்தின வாரம் நோட்ஸ் வாங்கிப் படித்த ஒருவரையும் ஒரே கூடையில் போட்டு மூடிவிடுகிறீர்கள்.

அதற்காக தொலைநிலைப் படிப்பு மட்டம் என்று சொல்லவில்லை. திறந்தநிலை, தொலைநிலை, ஆன்லைன் பட்டங்களும் நேரடிப் பட்டத்துக்கு இணை என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2020 விதிமுறைகளில் 22-ஆம் விதி சொல்கிறது. 2022 செப்டம்பரில் அதை நினைவுபடுத்தி அறிவிப்பும் வந்தது. தனியார் நிறுவனங்களை அது கட்டுப்படுத்தாது, உங்களுக்கு வேண்டியவரை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். பொதுத்துறையும் இந்த விஷயத்தில் உங்களுக்குச் சளைத்ததில்லை. வங்கிகளுக்கு மனிதவளம், மார்க்கெட்டிங் சிறப்பு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஐ.பி.பி.எஸ். அறிவிப்பிலும் ‘இரண்டாண்டு முழுநேர’ என்றுதான் கேட்கிறார்கள். அந்தத் தேர்வை எழுத நினைப்பவர் பகுதிநேரம் படித்தால் வாசல் மூடிவிடும். இதை நான் கேன்டீனில் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

உங்கள் சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15-க்குப் பிறகு அங்கீகாரம் இல்லை என்று 2022 மார்ச்சில் யுஜிசி அறிவித்தபோது எத்தனை வீட்டில் தூக்கம் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சான்றிதழ் கையில் இருந்தும் செல்லுமா செல்லாதா என்று தெரியாத நிலை. ஆனால் அதற்கு மருந்து எல்லோரையும் ஒதுக்குவது இல்லையே. எந்த நிறுவனத்துக்கு, எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு அனுமதி இருந்தது என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு பட்டியல் போடுகிறது. இறுதிச் சுற்றுக்கு வந்த நான்கைந்து பேருக்கு அதைப் பார்க்க ஒரு மதியம் போதும். முன்னாள் முதலாளியிடம் போன் போட்டு விசாரிக்க நேரம் இருக்கிறது, இதற்கு இல்லையா?

இனி, பகுதிநேரம் படித்தவரிடம் என்ன இருக்கிறது என்று நேர்முகத் தேர்வில் பார்த்ததைச் சொல்கிறேன். நிதி வகுப்பில் நடைமுறை மூலதனம் பற்றிப் படித்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை எங்கள் நிதித் தலைவர் ‘எதுக்கு இவ்வளவு சீக்கிரம் கம்பி வாங்கிக் குவிக்கிறீங்க’ என்று கத்தும்போதெல்லாம் ‘லைன் நின்னா நீங்களா வந்து பதில் சொல்வீங்க’ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். சரக்கு கிடங்கில் கிடக்கும் நாள், வாடிக்கையாளர் பணம் தரும் நாள், நாம் சப்ளையருக்குத் தரும் நாள் மூன்றையும் கூட்டிக் கழித்துப் பார்க்கக் கற்றுக்கொண்ட மறுநாளே என் ஸ்டாக் ரிப்போர்ட்டை வேறு கண்ணால் பார்த்தேன். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் எங்கள் கணக்கில் எங்கே இடிக்கிறது என்றும் அப்போதுதான் புரிந்தது. முழுநேரம் படிப்பவர் இதையே ஒரு கேஸ் ஸ்டடியாகப் படிப்பார், நன்றாகவே படிப்பார். ஆனால் அவர் கையில் அன்றைக்குத் திறந்து பார்க்க ஒரு கிடங்கு இருக்காது. வகுப்பில் பக்கத்து இருக்கையில் வங்கிக் கிளை மேலாளர் ஒருவர், அதற்கடுத்து மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி, பின்னால் ஒரு மென்பொருள் டீம் லீட். இவர்கள் வாக்குவாதத்தில் நான் கற்றது பாடப் புத்தகத்தில் கற்றதற்குக் குறைவில்லை.

அனுபவமுள்ள செயல்பாட்டு மேலாளர் பதவிக்கு விளம்பரம் போட்டுவிட்டு, இப்படிப்பட்டவரை முதல் சல்லடையிலேயே தள்ளுவது எனக்கு விளங்கவில்லை. மேனேஜ்மென்ட் டிரெய்னி எடுக்கிறீர்கள், இருபத்து நான்கு வயதுக்காரர்தான் வேண்டும் என்றால் சரி, நேராகக் கேம்பஸுக்குப் போங்கள். பத்து வருட அனுபவம் கேட்கிற விளம்பரத்தில் அதே வரி எதற்கு? பத்து வருடத்துக்கு முன் அவர் எந்த நேரத்தில் வகுப்புக்குப் போனார் என்பதா, அந்தப் பத்து வருடத்தில் என்ன செய்தார் என்பதா, எது உங்களுக்கு வேண்டும்?

விளம்பரம் வெளியாட்களுக்கு. உள்ளே இருப்பவர்களுக்கு நீங்கள் செய்வது இன்னும் முக்கியம், ஏனென்றால் பகுதிநேரம் படிக்கலாமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் உங்கள் ஷிஃப்ட் அட்டவணையில் இருக்கிறது. மாலை ஆறரைக்கு நுங்கம்பாக்கத்தில் வகுப்பு என்றால், ஒரகடத்திலிருந்து போக 45 கிலோமீட்டருக்கு மேல். ஐந்து மணிக்கு ‘ஒரு சின்ன ரிவ்யூ’ என்று கூப்பிட்டால் அன்றைய வகுப்பு போயிற்று. வாராவாரம் ஏ, பி, சி என்று ஷிஃப்ட் மாறுகிறவருக்கு மாலை வகுப்பு என்பதே இல்லை. ஐ.டி.காரர்கள் பாடு வேறு மாதிரி. சென்னையில் இரவு ஏழரை மணி என்றால் நியூயார்க்கில் காலை ஒன்பதோ பத்தோ, கிளையன்ட் அப்போதுதான் காபியோடு உட்கார்ந்து மீட்டிங்கைத் தொடங்குவார். திடீரென்று மூன்று மாதம் ஆன்சைட் போகச் சொன்னால் வருகைப் பதிவு விழுந்து ஒரு பருவமே வீணாகும். ஆறு நாள் வேலை உள்ள ஆலைகளில் சனிக்கிழமைக் காலை வகுப்புக்கு லீவு போட்டே போக வேண்டும். வருடத்தில் எத்தனை சனிக்கிழமை, கையில் எத்தனை லீவு, கணக்கு உங்களுக்கே தெரியும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் படிக்க ஆட்சேபணை இல்லை என்று கடிதம் தந்தார்கள். வாங்குவதற்கு நடையாய் நடந்தது தனி. பருவத் தேர்வு வாரம் வந்தபோது என்னை மாலை நேர பி ஷிஃப்ட்டில் போட்டார்கள். கேட்டதற்கு ‘கடிதத்தில் ஷிஃப்ட் பற்றி ஒன்றும் இல்லையே’ என்றார்கள். உண்மைதான், இல்லை. பட்டயம் வாங்கி வந்து சான்றிதழ் நகலைக் கொடுத்தேன். நான் அங்கிருந்து விலகும் நாள் வரை கணினியில் என் கல்வித் தகுதி என்ற கட்டத்தில் பி.இ. என்றே இருந்தது. மேற்பதவிக்கு உள்ளிருந்தே ஆள் தேடியபோது அந்தக் கட்டத்தை வைத்துத்தான் பட்டியல் எடுத்தார்கள். என் பெயர் அதில் எப்படி வரும்? அடுத்த வேலையில் சம்பளம் கூடுதலாகக் கிடைத்தது என்பது இதற்கு ஆறுதல். அந்த நிறுவனத்துக்கு இல்லை.

‘படிக்க வைத்தால் படித்து முடித்ததும் ஓடிவிடுகிறார்கள்’ என்று உங்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என்னைப் போன்றவர்கள் ஏன் ஓடினோம் என்பது மேலே இருக்கிறது. அதையும் மீறிப் பயம் என்றால் பாண்ட் போடுங்கள். மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற வங்கி ஒன்றின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கட்டணத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு, படிப்பு முடிந்து இரண்டு வருடம் இருங்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு ரூபாய்கூடத் தராமல், நாங்களே கடன் வாங்கிக் கட்டிய படிப்புக்கும் பாண்ட் கேட்பதைத்தான் சகிக்க முடியவில்லை.

வேலையை விட்டுப் போகிறவருக்கும் ஒரு வழி செய்யலாம். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1972 விடுப்பு விதிகளில் கல்வி விடுப்பு என்று ஒன்று உண்டு. ஐந்து வருடம் பணியாற்றியவர் சாதாரணமாக ஒரு தடவைக்கு 12 மாதம், பணிக்காலம் முழுதுக்கும் 24 மாதம் வரை எடுக்கலாம். விடுப்பில் சம்பளமும் வரும், திரும்பி வந்து மூன்று வருடம் வேலை செய்வதாக எழுதித் தர வேண்டும். உங்களிடம் சம்பளம் கேட்கவில்லை. ஐந்து வருடம் ஒழுங்காக வேலை செய்த ஒருவர் ஒரு வருடப் படிப்புக்குப் போகிறார் என்றால், ராஜினாமா வாங்காமல் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பலாம். திரும்பி வந்தால் வேலை உண்டு என்ற ஒரு வரி கையில் இருந்தால், வங்கிக் கடனுக்கு நிற்கும்போது அவர் அப்பாவின் முகம் வேறு மாதிரி இருக்கும். உங்களுக்கும் ஆலையை ஏற்கெனவே தெரிந்த ஒரு மேலாளர் திரும்பக் கிடைப்பார். வேறு கம்பெனி அதிகச் சம்பளத்துக்குத் தட்டிக்கொண்டு போகவும் கூடும், அது நடக்கத்தான் செய்யும். ராஜினாமா வாங்கியிருந்தாலும் அவர் உங்களிடம் இருக்கப் போவதில்லையே.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘பகுதிநேரம் பெண்களுக்கு வசதி’ என்று கல்லூரிகளும் சொல்கின்றன, வீட்டிலும் சொல்வார்கள். என்ன வசதி? வகுப்பு முடிய இரவு ஒன்பது, ஒன்பதரை ஆகும். கம்பெனி பேருந்து ஆலையிலிருந்து வீடு வரைதான், நடுவில் நுங்கம்பாக்கத்தில் இறக்கிவிட்டு இரவு மறுபடி ஏற்றிக்கொள்ளாது. இரண்டு வயதுக் குழந்தை உள்ள என் சக ஊழியர் ஒருவர் நன்றாகப் படிக்கக் கூடியவர். மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தயாராக இருந்தும், இரவில் தாம்பரம் தாண்டி வீடு போய்ச் சேருவதை நினைத்தே விண்ணப்பத்தை எடுத்து வைத்துவிட்டார். முழுநேரம் என்றால் விடுதியில் தங்க வேண்டும், அதற்கும் வழியில்லை. கடைசியில் அவர் ஆன்லைனில் சேர்ந்தார். யுஜிசி அனுமதி உள்ள பல்கலைக்கழகம்தான், விசாரித்துவிட்டுத்தான் சேர்ந்தார். குழந்தை தூங்கியபின் பத்தரைக்கு மடிக்கணினியைத் திறக்கிறார். நாளை அவருடைய விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வரும்போது உங்கள் விளம்பர வரி அவரை என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். பெண் மேலாளர்கள் போதவில்லை என்று மார்ச் 8-ஆம் தேதி மேடையில் வருத்தப்படுவதும் நீங்கள்தான்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. விளம்பரத்தில் அந்த வரியை எடுங்கள். எடுக்க முடியாத பதவி என்றால், ஏன் முழுநேரம் தேவை என்று ஒரு வாக்கியம் சேருங்கள். எழுத உட்கார்ந்தால் பல பதவிகளுக்குக் காரணம் கிடைக்காது என்று நினைக்கிறேன். ஆட்சேபணையின்மைக் கடிதம் கேட்டால் இரண்டு வாரத்துக்குள் கொடுங்கள். அதிலேயே வகுப்பு நாள்களுக்கும் தேர்வு வாரத்துக்கும் ஜெனரல் ஷிஃப்ட் என்று எழுதுங்கள். படித்து முடித்தவருடைய தகுதியைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். உள்ளே ஒரு பதவி காலியானால் அவரையும் கூப்பிட்டுப் பேசுங்கள், எடுப்பதும் எடுக்காததும் அப்புறம்.

கடைசியாக நோட்டீஸ் பீரியட். ஐ.ஐ.எம்.களின் இறுதிச் சேர்க்கைப் பட்டியல் ஏப்ரல், மே வாக்கில் வருகிறது, ஜூனில் வகுப்பு தொடங்கிவிடும். 90 நாள் நோட்டீஸ் உள்ளவர், இடம் கிடைக்குமா என்று தெரியாமல் மார்ச்சிலேயே ராஜினாமா கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கடன் வாங்கப் போகிற நேரத்தில் நோட்டீஸ் நாள்களுக்கு ஈடாக உங்களுக்கு பை-அவுட் பணம் கட்ட வேண்டும். கட்ட முடியாமல் ரிலீவிங் லெட்டர் இல்லாமலே போய், இரண்டு வருடம் கழித்து பிளேஸ்மென்ட் நேரத்தில் அந்தக் கடிதத்துக்காக உங்கள் அலுவலக வாசலில் நின்றவர்களை எனக்குத் தெரியும். சேர்க்கைக் கடிதம் காட்டுகிறவருக்கு 30 நாள் போதும் என்று பணி விதிகளில் எழுதுங்கள். அடுத்த பட்டியல் வருவதற்குள் எழுதினால், எங்கள் ஆலையிலேயே அதை எதிர்பார்த்து மூன்று பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்பில் படித்த ஒரு மேலாளர்,
ஒரகடம்.